சிறையா, பள்ளியா? பாளையங்கோட்டையும் சிறார் சீர்திருத்த வரலாறும்

திருநெல்வேலி டவுணிலிருந்து தாமிரபரணியைக் கடந்து கிழக்கே சென்றால் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்திருப்பதால் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் பெற்ற ஊர் இது. இங்குள்ள மத்திய சிறை 1880இல் மாவட்டச் சிறையாகக் கட்டப்பட்டது. 1929இல் அது 'போர்ஸ்டல் பள்ளி' ஆயிற்று. 1968இல் மத்திய சிறையாக மாறியது. அதாவது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு சிறைச்சாலை பள்ளி என்ற பெயரைத் தாங்கி நின்றது. குற்றம் புரிந்த வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பதா, பயிற்றுவிப்பதா என்ற கேள்விக்குத் தமிழகம் தேடிய விடைகளை இந்தக் கட்டடத்தின் பெயர் மாற்றங்களிலிருந்தே புரிந்துகொள்ளத் தொடங்கலாம்.

சீர்திருத்தப் பள்ளிகளின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, திருடிப் பிடிபட்ட சிறுவனும் கைதேர்ந்த கொள்ளையனும் ஒரே சிறையில் அடைக்கப்படுவது வழக்கமாக இருந்தது. சிறுவன் அங்கே கற்றது குற்றத் தொழிலின் நுணுக்கங்களையே. இதைத் தடுக்கவே 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது.

1897இல் வந்த புதிய சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்ட ஆண் சிறுவர்களுக்குப் பொருந்தியது. சிறைத் தண்டனைக்குப் பதிலாக அவர்களை 3 முதல் 7 ஆண்டுகள் வரை இத்தகைய பள்ளியில் வைத்து எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்கலாம். பதினெட்டு வயதுக்கு மேல் அங்கே வைத்திருக்கக் கூடாது. சில மாதச் சிறைவாசத்தோடு முடிந்திருக்கக்கூடிய சிறு திருட்டுக்குப் பல ஆண்டுகள் வீட்டைப் பிரிந்திருக்க நேர்ந்தது இச்சட்டத்தின் மறுபக்கம். நன்மை செய்வதாகச் சொல்லிச் சுதந்திரத்தைப் பறிக்கலாமா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

முன்னோடிச் சட்டம்

சென்னை மாகாண அரசில் பணியாற்றிய சர் அலெக்சாண்டர் கார்ட்யூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு (1919-20), சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றமும் விசாரணைக் காலத்தில் தங்கத் தனி இல்லமும் வேண்டும் என்று வலியுறுத்தியது. 1920இல் சென்னைச் சிறுவர் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த சிறுவரோடு, ஆதரவற்றுத் திரிந்த சிறுவரும் இச்சட்டத்தின் பார்வைக்குள் வந்தனர்.

போர்ஸ்டல் முறை

பதினாறு வயதைத் தாண்டியவர்களை என்ன செய்வது? இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் போர்ஸ்டல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்த சிறையில் இளங்குற்றவாளிகளைத் தனியே பிரித்து, உடற்பயிற்சி, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றைக் கற்பிக்கும் முறையை 1902இல் சர் ஈவ்லின் ரகல்ஸ்-பிரைஸ் தொடங்கினார். அந்த ஊரின் பெயரே முறையின் பெயராயிற்று.

சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 1926இல் வந்தது. 16 முதல் 21 வயது வரையிலான இளங்குற்றவாளிகளை 2 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 5 ஆண்டுகளுக்கு மிகாமலும் வைத்திருக்க அது வகை செய்தது. 23 வயதோடு அது முடிய வேண்டும். நன்னடத்தை காட்டுவோரை முன்கூட்டியே உரிமச் சீட்டுடன் வெளியே அனுப்பவும் இடமிருந்தது. இச்சட்டத்தின் கீழ்தான் பாளையங்கோட்டைச் சிறை பள்ளியாக மாறியது.

ஆனால் புதிய பள்ளிக்கென்று புதிய கட்டடம் எழவில்லை. சிறைக்கென எழுப்பிய மதில் அப்படியே நின்றது. நிர்வாகமும் சிறைத் துறையிடமே இருந்தது. காவலுக்குப் பழகிய அமைப்பிடம் ஆசிரியரின் வேலை ஒப்படைக்கப்பட்டது. இன்று புதுக்கோட்டையிலும் போர்ஸ்டல் பள்ளி இயங்குகிறது.

உரிமை என்ற பார்வை

1986இல் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், சிறுவர்களைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டு நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டுச் சட்டம், ஆண், பெண் இருபாலருக்கும் வயது வரம்பைப் பதினெட்டாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரைத் தனியே மதிப்பிட்டு, வயது வந்தோரைப் போல விசாரிக்க இச்சட்டம் இடமளிப்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பர். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிணையில் விடப்படாதவர்கள் விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் தங்குவர். திருநெல்வேலியிலும் இத்தகைய அரசினர் இல்லம் உண்டு. குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்டவர்களை அதிகபட்சம் 3 ஆண்டுகள் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். மக்கள் பேச்சில் எல்லாமே 'சீர்திருத்தப் பள்ளி'தான் என்றாலும், கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவன் குற்றம் நிரூபிக்கப்படாதவன் என்பதை மறக்கலாகாது.

இல்லத்துக்குள் நடக்க வேண்டிய பணி

சட்டப்படி நன்னடத்தை அலுவலர் சிறுவனின் வீடு, பள்ளி, நட்பு, வறுமை ஆகியவற்றை விசாரித்து 15 நாட்களுக்குள் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். ஆற்றுப்படுத்துநர் அவனோடு பேச வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும். விட்டுப்போன படிப்பு தொடர வேண்டும். சில வாரங்களே தங்கும் ஒருவனுக்கும் பல மாதங்கள் தங்கும் ஒருவனுக்கும் ஒரே பாடம் பொருந்தாது என்பதால், வழக்கமான வகுப்பறை முறை இங்கே பயன்படுவதில்லை. பொறுமையும் பயிற்சியும் உள்ள பணியாளர் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடுகள் யாவும் ஏட்டளவில் நின்றுவிடும்.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கண்காணிப்பாளர் உள்ளிட்ட பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். 1887இல் சிறுவர்களைச் சிறையிலிருந்து காக்கவென்று பள்ளி எழுந்த அதே ஊர் அது. இதையடுத்து அரசு இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. சிறார் இல்லங்களின் நிர்வாகத்துக்குத் தனி இயக்ககம் வேண்டும் என்று அக்குழு 2023இல் பரிந்துரைத்தது.

பள்ளியின் பங்கு

அதே 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்கள் இருந்தனர். பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய வழிசொல்லும் பொறுப்பும் சந்துருவிடமே அளிக்கப்பட்டது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்யச் சொன்னது. சிறார் இல்லங்களையும் வகுப்பறைகளையும் பற்றிய இந்த இரு அறிக்கைகளையும் ஒரு சேரப் படிப்பது நல்லது. கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் சிறுவன் ஏதோ ஒரு பள்ளியிலிருந்தோ, பள்ளியை விட்டு நின்றோ வந்தவன்தான்.

வெளியே வந்தபின் அவன் திரும்ப வேண்டிய இடமும் பள்ளியே. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவன் பெயரையும் படத்தையும் பள்ளியையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. வயது வந்தோரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பழைய வழக்கு எந்தத் தகுதிக் குறைவையும் உண்டாக்காது என்றும் அது கூறுகிறது. வழக்கு முடிந்தவனைப் பற்றிய பதிவை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. மீண்டும் படிக்க வருபவனை மற்ற மாணவர்களோடு ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பு தலைமையாசிரியருக்கும் ஊராருக்கும் உண்டு.