சிங்கப்பெருமாள் கோவிலில் இரவு வேலை: தூக்கமும் நோய் எதிர்ப்பாற்றலும்

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் ஆலைகள் வருவதற்கு முன்பும் இரவு வேலை உண்டு. செங்கல்பட்டுச் சீமை ஏரிப்பாசனச் சீமை. முறை வந்தால் நள்ளிரவிலும் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்து நெல்லுக்குக் காவல் படுக்க வேண்டும். ஆனால் அந்த விழிப்புக்குப் பருவம் இருந்தது. நெல் வீடு வந்து சேர்ந்ததும் விழிப்பும் முடிந்தது. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட உடலுக்கு அவகாசம் கிடைத்தது. பாடலாத்ரி நரசிம்மரின் பல்லவர் காலக் குடைவரையால் பெயர்பெற்ற இந்த ஊரைச் சுற்றி, ஆண்டு முழுவதும் ஓயாத இரவு வேலை பரவியது கடந்த கால் நூற்றாண்டில்தான்.

சங்கு ஒலிக்கு எழுந்து உழைக்கும் வாழ்க்கையைத் தமிழகத்துக்குப் பழக்கியவை பஞ்சாலைகள். பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1870களிலும் கர்நாடிக் ஆலை 1880களிலும் தோன்றின. 1881-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. 1891-ல் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு வந்தது. வளர்ந்த ஆண்களுக்கு எந்த வரம்பும் இல்லை. மின்விளக்கு வந்தபின் பம்பாய் ஆலைகளில் வேலை நாள் 14 மணி நேரத்தையும் தாண்டியது. அதன் பிறகே பஞ்சாலை ஆண்களுக்கு 1911-ல் 12 மணி நேரம் என்று சட்டம் வரம்பு கட்டியது. வளர்ந்த தொழிலாளர்களுக்குப் பொதுவாக அது 1922-ல் 11 ஆகவும், 1934-ல் 10 ஆகவும், 1948-ல் 9 ஆகவும் இறங்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய முதல் குறைகளில் ஒன்று, மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. இரவு ஷிப்ட்டும் கூடவே வளர்ந்தது.

இந்த வரலாறு முழுவதும் உழைத்த மணிகளின் கணக்காகவே இருக்கிறது. பகல் 11 மணிக்குச் செய்த வேலையும் அதிகாலை 3 மணிக்குச் செய்த வேலையும் சட்டத்தின் ஏட்டில் ஒன்றுதான். உடலின் ஏட்டில் அவை ஒன்றல்ல.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மறைமலை நகரில் ஃபோர்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர் என ஒரகடம் நிரம்பியது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரியும் ஒரகடம் சாலை கம்பெனி பஸ்களின் வழியானது. ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட், பல இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை சுழற்சி. சி ஷிப்ட் முடிந்து காலையில் அறைக்குத் திரும்புபவர் வெயில் ஏறும் நேரத்தில், சாலை இரைச்சலுக்கு நடுவே, வேறு ஷிப்ட்டுக்காரர் எழுந்து புறப்படும் அறையில் தூங்க முயல்கிறார்.

அந்தத் தூக்கம் ஏன் போதுவதில்லை என்பதற்கு விடை உடலின் உள்கடிகாரத்தில் இருக்கிறது. கார்டிசால் என்னும் சுரப்பு விடியலை ஒட்டி உச்சத்துக்கு ஏறும். உடல் வெப்பமும் பகலில் உயரும். இரண்டும் விழித்திரு என்று உடலுக்குச் சொல்பவை. அதனால் பகல் தூக்கம் ஆழமும் நீளமும் குறைந்து போகிறது. கடிகாரம் இரவு வேலைக்குச் சற்றே சாயத் தொடங்கும்போது ஷிப்ட் மாறிவிடுகிறது.

முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் கார்டிசால் தாழ்ந்திருக்கும், வளர்ச்சிச் சுரப்பு கூடும். பகலில் பார்த்த கிருமியின் அடையாளத்தை நிணநீர்க் கணுக்களில் நோய் எதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள் பதித்துக்கொள்ள ஏற்ற நேரம் இது. நோய் தொற்றிய அணுவை டி அணு பற்றிக்கொள்ள இன்டெக்ரின் என்னும் புரதம் வேண்டும். அட்ரினலின் போன்ற சுரப்புகள் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. தூக்கத்தில் அவை குறைவதால் பிடி இறுகுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினர்.

விளைவைத் தடுப்பூசிகளில் அளக்க முடிந்தது. 2002-ல் வெளியான சிகாகோ ஆய்வில், தொடர்ந்து நான்கு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடப்பட்டது. பத்து நாள் கழித்து அவர்களின் எதிர்ப்புப் பொருள், வழக்கம்போல் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவு. பின்னர் அந்த வேறுபாடு மறைந்தது உண்மைதான். ஆனால் நோய்க்கிருமி அதுவரை காத்திருப்பதில்லை. 2015-ல் அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்து, மூக்கில் சளி வைரஸைச் சொட்டினார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ஆண்டுக்கணக்கில் நீளும் இரவு வேலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-ல், பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அந்த முடிவை மாற்றவில்லை.

வளர்ந்தவர்களில் சட்டம் இரவைத் தனியாகப் பார்த்தது பெண்கள் விஷயத்தில்தான். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. இந்தத் தடை பாகுபாடு என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீக்கியபோது விதித்த நிபந்தனைகளில், பகல் ஷிப்ட்டிலிருந்து இரவுக்கு மாறும்போது இடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பதும் ஒன்று. உடலுக்கு உதவும் இந்த நியாயம் ஆண்களுக்கும் பொருந்தும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் விவாதம் மணிக்கணக்கைச் சுற்றியே நடந்தது.

இரவுப் பணியாளருக்கு, பணியில் அமர்த்துமுன்பும் பின்னர் உரிய இடைவெளிகளிலும் இலவச உடல்நலப் பரிசோதனை பெறும் உரிமை உண்டு என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ம் ஆண்டு 171-வது ஒப்பந்தம். இந்தியா அதை ஏற்கவில்லை. ஒரகடம் சாலையின் சி ஷிப்ட்டுக்காரர்களுக்காகவாவது அதை ஏற்க வேண்டும்.