மார்ட்டன் காணாத கடல்: லியோனியின் திரைப்படமும் விழிஞ்ஞமும்

1968இல் வெளிவந்த செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' பெரும்பாலும் என்னியோ மோரிக்கோனியின் இசைக்காகவே நினைவுகூரப்படுகிறது. அடிப்படையில் அது நிலப்பறிப்பின் வரலாறு.

வறண்ட அந்நிலப்பரப்பில் தண்ணீர் கிடைக்கும் இடம் ஸ்வீட்வாட்டர். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். எனவே இருப்புப்பாதை ஒருநாள் அங்கு வந்தே தீரும் என்று கணித்த மக்பெயின் என்ற அயர்லாந்துக் குடியேறி, அந்நிலத்தை வாங்கிக் காத்திருக்கிறான். பாதை நெருங்கும்போது அவனும் பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சுட்டவன் ஃபிராங்க், கூலி கொடுப்பவன் ரயில்வே முதலாளி மார்ட்டன். தான் அச்சுறுத்த மட்டுமே சொன்னதாக மார்ட்டன் கூறுகிறான். மூலதனம் தன் கையில் குருதி படாமல் பார்த்துக்கொள்ளும் விதத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய திரைப்படங்கள் குறைவு. பசிபிக் கடலைக் காணத் துடித்த மார்ட்டன், சேற்றுக் குட்டையருகே ஊர்ந்து சாகிறான். பின்னணியில் அலையோசை கேட்கிறது.

ஸ்வீட்வாட்டருக்குத் தண்ணீர் எப்படியோ, விழிஞ்ஞத்திற்கு ஆழம் அப்படி. கரையருகிலேயே பெருங்கப்பல்களுக்குப் போதுமான இயற்கை ஆழமும் பன்னாட்டுக் கப்பல் பாதையின் அண்மையும் அதன் செல்வம். ஆய் மன்னர்களின் இத்துறைமுகத்தின் மீது 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனும், பின்னர் முதலாம் ராஜராஜனின் படையும் போர்தொடுத்தன. இன்றைய துறைமுகத்தின் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது.

மக்பெயினிடம் பத்திரம் இருந்தது. அதனால்தான் படத்தின் பூசல் முழுவதும் உரிமையாளர் யார் என்பதைச் சுற்றியே நகர்கிறது. அவனுடைய விதவை ஜில் அந்நிலத்தைக் காத்துக்கொள்ளவும் முடிகிறது. கடலுக்குப் பட்டா இல்லை. தலைமுறைகளாக வலைவீசியவர்களின் உரிமை புழக்கத்தில் மட்டுமே வாழ்கிறது. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்ட் கிடங்கில் தங்கவேண்டியிருந்தது. அரிப்புக்குத் துறைமுகப் பணியே காரணம் என்றனர் மீனவர்கள். அரசு அதை மறுத்தது. 2022 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டம், நவம்பர் 27 அன்று காவல் நிலையத் தாக்குதல்வரை சென்று, டிசம்பர் 6 அன்று முடிவுற்றது. துறைமுகத்தை ஆதரித்தும் உள்ளூர் மக்கள் திரண்டனர். வில்லனைச் சுட்டு வீழ்த்தித் தீர்த்துவிடக்கூடிய பூசலாக அது இருக்கவில்லை. கட்டுமானம் தொடர்ந்தது, 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இறுதிக் காட்சியில் ஜில் ரயில்பாதைத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்கிறாள். அந்நிலத்தின் தொல்குடிகளுக்கோ கதையில் இடமே இல்லை. பத்திரம் இல்லாதவர்களைக் கதை எளிதில் மறந்துவிடுகிறது. விழிஞ்ஞத்தின் வரலாற்றை எழுதுவோர் அம்மறதியிலிருந்து தப்பவேண்டுமெனில், ஒப்பந்தங்களோடு கடற்புழக்கத்தையும் சான்றாகக் கொள்ளவேண்டும்.