கோதோ: ஐயப் பொருளும் வினைமுற்று விகுதியும்

சாமுவேல் பெக்கெட் பிரெஞ்சு மொழியில் எழுதிய கோதோ நாடகம் 1952இல் நூலாக வெளிவந்தது. 1953 சனவரி 5ஆம் நாள் பாரிசின் பாபிலோன் அரங்கில் மேடையேறியது. நாடோடிகள் இருவர் ஒரு மரத்தடியில் கோதோ என்பவருக்காகக் காத்திருக்கின்றனர். (‘என்பவருக்காக’ என்று எழுதும்போதே ஒரு விளக்கம் நுழைந்துவிடுகிறது.) கோதோ இன்று வருவதற்கில்லை, நாளை வருவது உறுதி என ஒரு சிறுவன் இரு அங்கங்களின் இறுதியிலும் சொல்லிச் செல்கிறான்.

கோதோ யார் என்னும் வினாவுக்குக் கிடைத்த விடைகள் பல. ஆங்கிலச் செவிக்கு அப்பெயரில் கடவுளைக் குறிக்கும் சொல் ஒலிக்கிறது. பிரெஞ்சுச் செவிக்குக் காலணியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லே முதலில் எட்டும். 1957இல் கலிபோர்னியாவின் சான் குவெண்டின் சிறையில் இந்நாடகத்தைக் கண்ட கைதிகளுள் ஒருவர் கோதோவைச் சமுதாயம் என்றார். மற்றொருவர் வெளியுலகம் என்றார். தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்பதே இயக்குநர் ஆலன் ஷ்னைடருக்குப் பெக்கெட் அளித்த மறுமொழியின் சாரம்.

திறனாய்வாளர் இவ்விடைகளுள் எதையும் தேராது விடலாம்; தமிழில் மொழிபெயர்ப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. வருவார் எனின் கோதோ பண்ணையாரோ முதலாளியோ ஆகிவிடுகிறார். வரும் எனின் மழை, விடுதலை, சாவு போன்ற ஒன்று. வருவான் என்பதோ இருபுறமும் கூர் உடையது: ஏவலாளையும் அவ்வாறு சுட்டலாம், அடியவர் முருகனையும் கண்ணனையும் அவ்வாறே சுட்டுவர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வினை இத்தகைய உயர்வு தாழ்வைக் காட்டுவதில்லை.

அண்டை மொழியாகிய மலையாளத்தில் நிலைமை வேறு. கும்பளங்கித் துறையில் நிற்கும் ஒருவர், படகு வந்தாலும் ஆசிரியர் வந்தாலும் ‘வந்நு’ என்ற ஒரே வடிவத்தைச் சொல்வார். பழைய மலையாளக் கல்வெட்டுகளில் காணப்படும் திணை, பால், இட விகுதிகள் பிற்கால வழக்கில் மறைந்தன. தமிழிலிருந்து மலையாளம் வேறுபடும் ஆறு நெறிகளுள் ஒன்றாக இதனை ஏ. ஆர். இராஜராஜவர்மா கேரளபாணினீயத்தில் ‘புருஷபேத நிராசம்’ எனக் குறித்தார். ஆகவே, இந்நாடகத்தை மலையாளத்தில் பெயர்த்த கவிஞர் கடம்மனிட்ட இராமகிருஷ்ணனுக்கு வினைமுற்று தடையாக நின்றிருக்க முடியாது. பெயரிடத்து வரும் அவன், அயாள், அத்தேஹம் ஆகியவை மட்டும் மதிப்பை உணர்த்துவன. அவற்றையும் தொக்க நிலையில் விடலாம். இழப்பு எனப் பலரும் கருதும் ஒரு மாற்றம் இங்கே வசதியாகிறது.

தமிழ் மரபு இச்சிக்கலை அறியாததன்று. பால் ஐயம் தோன்றும் இடத்தில் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. தொலைவில் தோன்றுவது ஆணோ பெண்ணோ எனத் தெரியாதபோது பன்மை அந்த ஐயத்தைக் காத்தது. ஆயினும் ஒருவரைப் பன்மையாற் சொல்லும் உயர்சொல் வழக்கையும் அதே இயல் குறிப்பிடுகிறது. அது இலக்கண நெறியன்று, வழக்கு என்றும் ஒதுக்குகிறது. அன்று ஒதுக்கப்பட்ட வழக்கே இன்று முதன்மை பெற்றுவிட்டது. ஆகவே வருவார் என்பதில் இன்றைய அவையோர் ஐயத்தைக் கேட்பதில்லை, மரியாதையையே கேட்கின்றனர். பழைய விதியை நம்பி அவ்வடிவத்தைக் கையாள்பவர் தாம் அறியாமலே ஒரு முதலாளியை மேடைக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்.

தன்மைப் பன்மையிலும் இதுபோன்றதொரு தெரிவு உண்டு. தோழர்கள் தமக்குள் பேசுகையில் ‘நாம்’. வழிப்போக்கனாகிய போட்சோவிடம் ‘நாங்கள்’. ‘நாம் காத்திருக்கிறோம்’ என்பதை நடிகர் அவையை நோக்கிச் சொன்னால் அவையும் காத்திருப்போருள் ஒன்றாகும். மூலத்தில் வெளிப்படையாக இல்லாத இக்கூட்டுறவு ஆதாயமா, மிகைவிளக்கமா என்பது அவ்விடத்து நடிப்பைப் பொறுத்தது.

சிறுவனின் செய்தியை ‘வருவதற்கில்லை’, ‘வருவது உறுதி’ எனத் தொழிற்பெயரால் அமைப்பது ஒரு வழி. ஓரிரு முறை அது பொருந்தும். நாடகம் முழுதும் தொடர்ந்தால் அலுவலக அறிவிப்பின் வாடை வீசும், சிறுவன் வாயிலோ சிறிதும் ஒட்டாது. இயல்பான பேச்சிலேயே விகுதி ஏற்காத முற்று ஒன்று தமிழில் உண்டு: வரவில்லை. மனிதர்க்கும் மழைக்கும் கடவுளுக்கும் அது பொது. கோதோ வரும் என்று சொல்லத்தான் அது யார் எனத் தமிழுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோதோ வரவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.