பேரன் செய்த கடிகாரம்

2022 ஜூன் மாதம் என் பேரன் ஒரு செஸ் கடிகாரம் செய்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். ஒரு பழைய ஸ்வீட் டப்பா, இரண்டு பட்டன், ஆர்டினோ என்று ஒரு சின்ன போர்டு, ஒரு குட்டித் திரை, அவ்வளவுதான். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் வேறு. அதைக் கடைசி வாரத்தில்தான் தொடுவான். ஈக்காட்டுத்தாங்கல் வீட்டின் சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர். அதைத் தாண்டித்தான் எனக்குக் காபி வரும்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபோது 1972 ஞாபகம் வந்தது. ரெய்க்யாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதிய வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதே வருஷம்தான் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மானுவேல் ஆரோன் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். தால் என்பது 1960-இல் உலக சாம்பியனான மிகைல் தாலின் பெயர்.

ஆரோனைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-இல் ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனலில் போர்ட்டிஷையும் ஊல்மானையும் தோற்கடித்தார். இரண்டு பேரும் அந்தக் காலத்துப் பெரிய கைகள். இதையெல்லாம் ஒரு வங்கி உத்தியோகத்தோடு சேர்த்துச் செய்தார் என்பதுதான் என் போன்ற குமாஸ்தாவுக்கு ஆச்சரியம்.

கிளப்பில் மாஸ்கோவிலிருந்து வந்த பலகைகள், கடிகாரங்கள், புத்தகங்கள். கல்லூரிப் பையன்களும் ஆபீஸ் முடிந்து வருகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்வார்கள். மின்னல் ஆட்டத்தில் ஜெயித்தவன் உட்கார்ந்தே இருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நான் பெரும்பாலும் வரிசையின் கடைசியில்தான் நின்றேன். இரண்டு வருஷத்தில் கல்யாணம், அதோடு போவது நின்றுவிட்டது.

பிற்பாடு அந்த வரிசையில் நின்ற சின்னப் பையன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். அம்மாதான் அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். நடுவில் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மத்தியானம் டி.வி.யில் வரும் செஸ் புதிர்களை அம்மா குறித்து வைப்பாராம். பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு பேரும் போட்டு அனுப்புவார்களாம். பரிசுப் புத்தகங்களை இவரே வாங்கிக் குவிக்க, "வேண்டியதை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். லயோலாவில் பி.காம். படித்த இந்தப் பிள்ளைதான் 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

அவர் சொல்லும் ரயில் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எதிரே இருந்த பெரியவர் என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். செஸ் ஆடுகிறேன் என்றிருக்கிறார். விஸ்வநாதன் ஆனந்தாக இருந்தால் சரி, மற்றபடி செஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியாது தம்பி என்று புத்தி சொன்னாராம் பெரியவர்.

அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் ஆனந்தும் காஸ்பரோவும் ஆடிக்கொண்டிருந்தபோது, இங்கே என் மகனுக்குக் கல்லூரியில் இரண்டு பேப்பர் அரியர். தினம் பேப்பரில் வரும் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பலகையை எடுத்துப் பரணில் போட்டேன். காய்களைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அரியரை முடித்தான், வேலைக்குப் போனான், கார் வாங்கினான். செஸ் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை.

அவனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே மந்திரிக்குப் பெயர் 'ஃபூ', அதாவது பித்தன்; யானை 'தூர்', கோபுரம். எங்கள் வாத்தியார் காட்டிய முதல் வித்தை 'லெகால்'. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் ரெழான்ஸ் காப்பிக் கடையில் ஆடியவர் லெகால், பெரிய ஆட்டக்காரரான ஃபிலிதோரின் குரு. ராணி வெட்டுப்படட்டும் என்று குதிரையைத் துணிந்து நகர்த்த வேண்டும். எதிராளி ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், இரண்டே நகர்த்தலில் ராஜா மாட். எட்டு வயதில் மகனுக்கு இதைத்தான் முதலில் காட்டினேன். ஒரு வாரம் தெருப் பிள்ளைகளை எல்லாம் இதிலேயே தோற்கடித்தான்.

ரஷ்யாவில் நடக்க இருந்த செஸ் ஒலிம்பியாட் உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு வந்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 180-க்கும் மேற்பட்ட நாடுகள். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன், "தாத்தா, நீங்களும் வாங்க" என்றான். மகன் கார் ஓட்டினான், நான் முன்சீட்டு. பின்னால் பேரனும் அவன் சிநேகிதனும், மடியில் ஒரு காந்தப் பலகை, நடுவில் அந்த ஸ்வீட் டப்பா. நகர்த்தலை வாயால் சொல்லிச் சொல்லி ஆடினார்கள். வேளச்சேரி வரை நெரிசல், அதற்குள் நாலு ஆட்டம் முடிந்தது.

முட்டுக்காடு பாலம் தாண்டியதும் சிநேகிதன் குதூகலமாக, "மச்சி, உன் ராணி போச்சு!" என்றான்.

மகன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெட்டாதப்பா. ரெண்டு நகர்த்தல்ல மாட்."

"அப்பா! ஏன்ப்பா சொன்னீங்க!" என்று பேரன் கத்தினான்.

பலகையை மகன் பார்க்கவே இல்லை. வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, கார் ஓட்டிக்கொண்டே, மனசுக்குள் காய் வைத்திருக்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கிங்ஹாம் கால்வாயில் தண்ணீர் நிறைய இருந்தது.

ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வாங்கின. இரண்டும் அந்தப் பழைய சோவியத் மேசையிலிருந்து எழுந்து வந்தவைதான். நமக்கு இரண்டு வெண்கலம். பதினாறு வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்தார். நாலாம் வகுப்புக்கு மேல் முழுநேரம் பள்ளிக்கே போகாத பையன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அப்படி விட்ட பெற்றோரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

அன்று ராத்திரி வீடு திரும்பியதும் மகனிடம், "பரண்ல அந்தப் பலகை இன்னும் இருக்குடா" என்றேன். "தெரியும்ப்பா" என்றான். ஏணி கொண்டுவரப் போனவன் பேரன். பலகை கிடைத்தது, ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. காய்களை மறுநாள் தி. நகரில் வாங்கிவந்தேன்.