கொல்லிமலையும் கொடுக்கல் வாங்கலும்

கொல்லிமலை என்றதும் பலருக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும்தான் நினைவுக்கு வரும். இன்னும் சிலருக்கு அறப்பளீசுவரர் கோயில். எனக்கோ அந்த மலையோடு ஒரு பழைய கேள்வியும் சேர்ந்தே வரும். ஒருவர் தம் கவிதையைப் பாடுகிறார், நாம் கேட்கிறோம். கேட்டதற்குப் பதிலாக அவருக்கு நாம் தர வேண்டியது என்ன?

"அருமை" என்ற ஒரு சொல்லா? கைதட்டா? ஒரு பொன்னாடையா? இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் காலத்திலேயே இதைப் பற்றிப் புலவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 18ஐ ஒட்டி அரசு விழாவும் நடக்கிறது. விழா மேடைகளில் அவனுடைய வில்லாற்றலையும் கொடையையும் பேசுவார்கள். அந்தக் கொடை எப்படிப்பட்டது என்பதை அறிய, உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்துத் தந்த புறநானூற்றைத்தான் திறக்க வேண்டும். வன்பரணர் பாடிய 152, 153ஆம் பாட்டுகளும், கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டும் ஓரியைப் பற்றியவை.

152ஆம் பாட்டில் ஒரு காட்சி. காட்டில் ஒரு வேட்டுவனைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன். யாரென்று அவன் சொல்லவில்லை. இவர்கள் இசைக்கருவிகளை எடுத்து, முறைப்படி துறை துறையாகப் பாடுகிறார்கள். பாட்டு முடியும்வரை கேட்கிறான். தன்னைக் குறிக்கும் சொல் பாட்டில் வந்ததும் நாணுகிறான். பிறகு அவர்களை மேலும் புகழவிடாமல் மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். முதலில் கேட்டான், பிறகுதான் கொடுத்தான். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

அடுத்த பாட்டில் கொடை இன்னும் பெரிது. யானைகளும் வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளைப் பூக்களும் கிடைக்கின்றன. பசி அடியோடு தீர்ந்துபோக, அந்தக் கூட்டம் ஆடவும் மாட்டாமல், பாட்டையும் மறந்துவிடுகிறது. வன்பரணர் இதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ஆனால் எழுதுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் தெரிகிறது. அளவு மீறிக் கிடைத்துவிட்டால் பாட்டே மறந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் அது பள்ளி நாளிலேயே மனத்தில் பதிந்தது. 1637இல் பாரிஸில் கொர்னேய் எழுதிய 'லெ சித்' நாடகம் அமோக வெற்றி பெற்றது. உடனே ஸ்குதெரி என்ற சக எழுத்தாளர் அதைத் தாக்கிக் குற்றப்பட்டியல் வெளியிட்டார். வழக்கு, இரண்டு ஆண்டுக்கு முன்புதான் தொடங்கியிருந்த பிரெஞ்சு அகாதெமியிடம் போயிற்று. பின்னால் இருந்து தூண்டியவர் முதலமைச்சர் கர்தினால் ரிஷ்லியே. அகாதெமி சில அழகுகளை ஒப்புக்கொண்டாலும், விதி மீறல்களை நீளமாக எடுத்துச் சொன்னது. அதன் பின் 1640இல் 'ஒராஸ்' வரும்வரை கொர்னேயிடமிருந்து புதிய நாடகம் எதுவும் இல்லை. ஓரியின் காட்டில் கொடை வாயை அடைத்தது. பாரிஸில் குறை கூறல் அடைத்தது. 1674இல் புவாலோ தம் 'கவிதைக் கலை' நூலில், முகத்துதி செய்பவனையும் குறையைச் சொல்லித் தரும் நண்பனையும் பிரித்தறியக் கவிஞர்களுக்கு அறிவுரை கூறினார். நல்ல யோசனைதான். ஆனால் அது பெறுபவருக்குச் சொன்னது. தருபவருக்கு யார் சொல்வது?

அதற்கு மறுபடியும் கொல்லிக்கே வருவோம். ஓரியைப் போரில் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அவனும் வள்ளல்தான். அவனிடம் கபிலர் ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறார் (புறம் 121). நாலா திசையிலிருந்தும் பலர் பரிசிலுக்கு வருவார்கள். வாரிக் கொடுப்பது எளிது, வந்தவரின் தரத்தை அறிவதுதான் கடினம். ஆகவே புலவர்கள் எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்பது அதன் சாரம். கொடுக்கிறவனிடமே இப்படிச் சொல்லும் துணிவு கபிலருக்கு இருந்தது.

பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போனார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் பார்க்காமலேயே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்துவிட்டார் (புறம் 208). பார்க்காமல் தருவதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி அல்லன், என் கல்வியின் அளவு அறிந்து தந்தால் தினையளவே ஆனாலும் இனிது என்பது அவர் வாதம். கொல்லிமலையில் இன்றும் தினையும் சாமையும் விளைகின்றன. தினை எவ்வளவு சிறியது என்பது கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். அவ்வளவு போதும் என்கிறார்!

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக ஆயுளைக் கழித்தவனுக்கு இது நன்றாகப் புரியும். நாலு நாள் உட்கார்ந்து எழுதிய குறிப்பின்மேல், கோப்பைப் பிரிக்காமலேயே சுருக்கொப்பம் விழும். வேலை முடிந்ததுதான், ஆனால் மனம் நிறையாது. "மூன்றாம் பத்தியில் தேதி தவறு" என்று ஓரத்தில் எழுதித் திருப்பும் அதிகாரிமேல்தான் மரியாதை வரும். அவர் படித்திருக்கிறார்.

இனி, பெறுகிறவரின் பங்கு. கழைதின் யானையார் ஓரியிடம் போய்ப் பரிசில் கிடைக்காமல் நின்றவர். கேட்பது இழிவு, கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிட இழிவு. தருவது உயர்வு, தந்ததை வேண்டாம் என்பது அதைவிட உயர்வு என்று நியாயத்தை அழுத்தமாகவே சொல்கிறார். ஆனால் ஏசவில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் சகுனத்தையும் வேளையையும்தான் நொந்துகொள்வார்கள், உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ வாழ்க என்று முடிக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் உறவை முறிக்காத பண்பு இது.

புலவருக்குப் புலவர் எப்படி நடந்துகொண்டார்கள்? மாறோக்கத்து நப்பசலையார் அதே காரியைப் பாட வந்தபோது (புறம் 126), கபிலர் ஏற்கெனவே பாடிவிட்டதைச் சொல்லித்தான் பேசுகிறார். சேரனின் கப்பல் ஓடிய கடலில் வேறு கலம் செல்ல முடியாதது போன்ற நிலை தமக்கு என்கிறார். ஆனாலும் பாடாமல் போகவில்லை. தமக்கு முன் பாடியவரை அவர் ஊன்றிக் கேட்டிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த இடத்தில்தான் நம் கவியரங்கங்களை நினைத்து எனக்குக் கவலை வருகிறது. 20 பேர் பதிவு செய்வார்கள். முதலில் வாசித்தவர், முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அடுத்தவரும் அப்படியே. கடைசியில் வாசிக்கும் பெண்ணோ பையனோ காலி நாற்காலிகளைப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் முதல் கவிதையோடு வந்த பிள்ளையாக இருக்கும். இருக்கும் இரண்டு பேரும் கேட்காமலேயே "அருமை" என்பார்கள். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வருமா?

நான் சொல்வதெல்லாம் எளிய கணக்கு. ஒரு கவிதை வாசித்தால் இரண்டு கவிதைகளையாவது கடைசிவரை கேட்போம். பிடித்த வரி எது என்று சுட்டிச் சொல்வோம். தடுக்கிய இடம் ஒன்றையும் தனியே, பணிவாகச் சொல்வோம். நம் கவிதையைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால், கழைதின் யானையாரை நினைத்துக்கொள்வோம். யானையும் பொன்னும் கொடுக்க நம்மிடம் இல்லை. தினையளவு கவனம் எல்லாரிடமும் இருக்கிறது, நண்பர்களே.