பக்டியும் ரசீதும்: குர்லா சால் ஒன்றின் வாடகைக் கதை

நெல்லைப் பக்கத்தில் 'பகடி' என்றால் கேலி. மராத்தியில் அது தலைப்பாகை. பம்பாயிலோ 'பக்டி' என்றால் கோலிக்குள் கால் வைக்க வீட்டுக்காரருக்கு முதலிலேயே கொடுக்கும் மொத்தத் தொகை. இது எப்படி வந்தது?

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-லேயே பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் நம் தலைமுறைகளை ஆட்டிவைத்தது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ, அதுவே நிலையான வாடகை என்றது. அரிசி விலை ஏறியது, கூலி ஏறியது, சிந்துவிலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். வாடகை மட்டும் அசையவில்லை. ஏற்ற முடியாத வாடகைக்கு ஈடாகத்தான் ரொக்கமாகப் பக்டி கைமாறியது. அந்தச் சட்டப்படி அது குற்றம். ஆகவே அதற்கு ரசீது கிடையாது. மாத வாடகைக்குத்தான் ரசீது. அது யார் பெயரிலோ, கோலி அவருடையது மாதிரிதான். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டையும் அந்த ரசீதுக் கட்டையும் ஒரே டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் அப்பா.

அந்த ரசீது எங்களுக்கு வந்த விதத்தை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. குர்லாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குச் சொந்தமாக நாலு கோலி இருந்தது. பக்டி கொடுக்க வழியில்லாத அப்பாவுக்கு, "ஊர்க்காரப் பய, இருந்துட்டுப் போ" என்று 1968-இல் ஒன்றை 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் கொடுத்தார். அதாவது அப்பா குடித்தனக்காரர் இல்லை, அனுமதி பெற்றுத் தங்குபவர். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 1973 பிப்ரவரி 1 அன்று அப்படி அனுமதியில் குடியிருந்தவர் எல்லாரும் அன்று முதல் குடித்தனக்காரர்களே என்று ஆயிற்று. நோட்டீஸ் இல்லை, பேச்சில்லை. அப்பாவுக்கு உரிமை வந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்காக அவர் கோலியைக் கேட்டபோது அப்பா கொடுக்கவில்லை. வக்கீலிடம் போனவர், கேஸ் முடிய வருஷக்கணக்காகும் என்று கேட்டுத் திரும்பிவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. யார் செய்தது நியாயம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

வாடகை வராத வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாரா? பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க 1969-இல் ஒரு சட்டம் வந்து, செஸ் வரி வசூலித்து ரிப்பேர் போர்டு அமைத்தார்கள். ஆனால் அது பழைய தீவு நகரத்துக்கு மட்டும். மாட்டுங்காவுக்கு உண்டு, சயான் தாண்டினால் கிடையாது. குர்லா 1950-இலேயே மாநகராட்சியில் சேர்ந்திருந்தும் பயனில்லை. மழைக்காலத்தில் எங்கள் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கியது நாங்கள்தான்.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொடக்கத்தில் நியாயமாக இருந்த வாடகை முடக்கம் காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியது. 2000 மார்ச் 31-இல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது. பக்டி வாங்குவதையும் சட்டபூர்வமாக்கியது. ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றும், பதியாவிட்டால் பொறுப்பு வீட்டுக்காரருக்கே என்றும் விதித்தது.

எங்கள் சாலை இடித்துக் கட்டியபோது, அந்த ரசீதைக் காட்டித்தான் எனக்கு ஒரு பிளாட் கிடைத்தது. இப்போது அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன வருஷம் தூத்துக்குடிப் பையன் ஒருவன் பதினொரு மாத ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, பதினொரு மாசத்துல காலி பண்ணணுமா?" என்றான்.

"பேப்பர்ல அப்படித்தான் தம்பி இருக்கும்" என்றேன். பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்கவில்லை.