வரி இருக்கு, மெட்டு எங்கே? லெப்டொப் வாங்கப் போறவங்களுக்கு ஓர் ஒலிப்பதிவு வரலாறு

குண்டசாலையில் இருந்துகொண்டு பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிற யாரும் எங்களிடம் முதலில் கேட்கிறது ஒரே கேள்விதான்: எந்த லெப்டொப் வாங்குறது? மெக்கா, விண்டோஸா? 8 ஜிபி ரேம் போதுமா, 16 வேணுமா? பதில் இருக்கு, கடைசியில் சொல்றோம். அதுக்கு முன்னால் ஒரு நூறு வருசக் கதை இருக்கு. ஒலிப்பதிவுக் கருவி யாருடைய வீட்டு வாசல் வரைக்கும் போனது என்பதுதான் யாருடைய பாட்டு மிஞ்சியது என்பதைத் தீர்மானிச்சிருக்கு. லெப்டொப் அந்த வரிசையில் கடைசியாக வந்த கருவி, அவ்வளவுதான்.

எங்க ஊரையே எடுத்துக்குங்க. கண்டி அரசன் நரேந்திரசிங்கனின் மாளிகை இருந்த இடம் குண்டசாலை. அவனுக்கு மதுரையிலிருந்து அரசி வந்தாள்; 1739இல் அவன் இறந்தபின் அரசியின் தம்பி அரியணை ஏறினான், கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அந்தப் பரிவாரத்தோடு என்ன பாட்டு வந்தது, எப்படிப் பாடினாங்க? கேட்க வழியே இல்லை. சரி, அது 18ஆம் நூற்றாண்டு, கருவி கிடையாது. ஆனால் கருவி வந்தபிறகும் நிலைமை உடனே மாறல.

1907, 1908 காலத்தில் சார்ல்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதி இலங்கை வேடர்களை ஆராய வந்தாங்க. கூடவே மெழுகு உருளையில் ஒலியைப் பதிகிற ஃபோனோகிராஃப் ஒன்றும் வந்தது. 1911இல் வெளியான அவர்களுடைய நூலில், அந்த உருளைகளைக் கேட்டு சி.எஸ். மயர்ஸ் எழுதிய இசை பற்றிய அத்தியாயம் இருக்கு. இதில் கவனிக்க ஒரு விசயம்: அந்தக் காலத்து ஃபோனோகிராஃப்கள் பெரும்பாலும் சாவி கொடுத்து ஓட்டுகிறவை. கரண்ட் வேண்டாம். அதனால்தான் காட்டுக்குள்ளே போக முடிஞ்சது. அவங்க போன நேரம், ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டு நாற்பது வருசம் ஆகியிருந்தது. லயங்களில் தமிழ்ப் பாட்டு நிறைஞ்சிருந்த காலம். ஆனால் ஆய்வாளர்கள் தேடி வந்தது வேடரை. பெட்டியும் அவங்களோடேயே போனது.

அந்த லயத்துப் பாட்டுகளில் பல நமக்குக் கிடைச்சது எழுத்தாகத்தான். வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947 தேர்தலில் தலவாக்கலை எம்.பி. ஆன சி.வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். அது இல்லாவிட்டால் வரிகூட மிஞ்சியிருக்காது. ஆனால் தாலாட்டையும் ஒப்பாரியையும் அச்சில் வாசிச்சுப் பாருங்க. எந்த இடத்தில் இழுக்கணும், எங்கே மூச்சு விடணும், அழுகை எங்கே பாட்டாக மாறுது, ஒன்றும் தாளில் நிற்காது. வரி இருக்கு. மெட்டைத் தெரிஞ்ச பாட்டிமார் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்காங்க.

வானொலி வந்தபோது பாட்டுக்கு ஒரு பெரிய வீடு கிடைச்சது உண்மைதான். இலங்கையில் ஒலிபரப்பு 1925லேயே தொடங்கிட்டது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944இல் கண்டிக்கு, பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது. ஆனால் படையினருக்கான சியாக் வானொலி கொழும்பில் இருந்துதான் பேசியது. போருக்குப் பிறகு 1949இல் இலங்கை வானொலி உருவானது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளேயே போன கதையை உங்க அப்பா அம்மாவைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவாங்க. ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் பிறந்ததும் அங்கேதான். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று பொப் இசை எழுந்ததும் 60களின் கடைசியிலிருந்து 70கள் வரைதான். கொண்டாட வேண்டிய காலம். ஆனாலும் மைக் இருந்த இடம் கொழும்பு. பாடகர் மைக்கைத் தேடிப் போகணும். ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாத ஒருத்தி எப்படிப் போவாள்?

இதே காலத்தில்தான் அந்த மக்களையே பிரிச்சு அனுப்பினாங்க. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கணக்குப் போட்டது. மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்ந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினவங்களோடு பாட்டும் ஏறிப் போனது.

கசெட்தான் முதல் தடவையாக மைக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஃபிலிப்ஸ் அதை 1963லேயே வெளியிட்டுவிட்டது. இங்கே 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977க்குப் பிறகு சந்தை திறந்ததும், மத்திய கிழக்குக்குப் போனவங்க டேப் ரெக்கோடரோடு திரும்பினதும் நிலைமையை மாத்தினது. கடிதத்துக்குப் பதில் குரலைப் பதிந்து அனுப்பின காலம் அது. 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் உதவியோடு தொடங்கிய மகாவலி சமூக வானொலி இன்னொரு படி மேலே போனது: தயாரிப்பாளர்கள் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள்ளேயே போய்த் தங்கிப் பதிந்தாங்க. எங்களுக்குப் பக்கத்தில் விக்டோரியா அணை கட்டி பழைய தெல்தெனிய நகரமே தண்ணிக்குள் போன காலமும் அதுதான். அந்த வானொலியின் முறையை நாங்க இன்றைக்கும் பெரிய பாடமாகத்தான் பார்க்கிறோம். ஸ்டூடியோ ஊருக்குப் போகணும், ஊர் ஸ்டூடியோவுக்கு அல்ல.

கணினிக் கதையை வேகமாகச் சொல்லிடலாம், இணையத்தில் நிறையவே இருக்கு. 1983இல் மிடி வந்தது, வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசத் தொடங்கின. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் உடம்பிலேயே இருந்தன. 1989இல் கியூபேஸ் அந்த அட்டாரிக்காகத்தான் வெளியானது. அதே வருசம் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு சேர்த்து ஸ்டூடியோ கட்டினார், 1992இல் 'ரோஜா'. அது பணம் போட்டுக் கட்டின ஸ்டூடியோ. எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற உதாரணம் இன்னொருத்தி: மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. லண்டனில் இரவல் வாங்கின ரோலண்ட் எம்சி-505 பெட்டியையும் நாலு தட ரெக்கோடரையும் வைத்துத்தான் ஆரம்பப் பாட்டுகளைச் செய்தாள். 2005இல் வந்த 'அருளர்' அங்கேயிருந்துதான் கிளம்பியது. பிறகு 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியபோது, அதற்குள் இருந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவுவின் பாட்டி வழி நினைவு. கப்பல் ஏறின பாட்டு ஒன்று, வேறு ஊரில் மைக்கைக் கண்டுபிடிச்ச மாதிரி.

இப்போ லெப்டொப்புக்கு வருவோம். விளம்பரங்கள் பேசுவது வேகத்தை. இந்த வரலாறு எங்களுக்குச் சொல்வது வேறு: கரண்ட், சத்தம், தூக்கிக்கொண்டு போகிற வசதி. தெல்தோட்டையிலோ கலஹாவிலோ ஒரு லயத்து அறையில், தகரக் கூரைக்குக் கீழே, எழுபது வயசு அம்மா ஒருத்தர் பாடப்போறாங்க என்று வைச்சுக்கொண்டு யோசியுங்க.

முதலில் பெட்டரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் இருந்தாலும் பெட்டரியில் ஓட்டுங்க என்றுதான் சொல்லுவோம்; எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜரைக் குத்தினால் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் பதிவுக்குள் ஏறும், பெட்டரியில் அநேகமாக அது போய்விடும். யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கிற ஓடியோ இன்டர்பேஸாக வாங்கினால் சுவர் பிளக்கே வேண்டாம்.

அடுத்தது ஃபேன் சத்தம். கேமிங் லெப்டொப் வலுவானதுதான், ஆனால் சின்ன அறையில் அது மூச்சு வாங்குகிற சத்தத்தோடு ஒரு தாலாட்டைப் பதிய முடியாது. 2020 நவம்பரில் வந்த எம்1 மெக்புக் எயாரில் ஃபேனே இல்லை. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் எங்கள் முதல் தெரிவு அதுதான். ஒரு குறை: ரேமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே 16 ஜிபி பாருங்க. குரலும் தப்பும் மட்டும் பதிகிறவங்களுக்கு 8 போதும். இன்னொரு வழி, 2018இல் வந்த திங்க்பேட் டி480. ஃபேன் உண்டு, ஆனால் ரேம் போட இரண்டு இடம், கழட்டி மாத்தக்கூடிய பெட்டரி, யூஎஸ்பி-சியிலும் சார்ஜ் ஏறும். அதுக்கு முந்திய தலைமுறை இன்டெல் சிப் என்றால் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிஞ்சது. எதுவானாலும் எஸ்எஸ்டி இல்லாத மெஷினைத் தொடாதீங்க.

சிலர் கேட்பாங்க, போனிலேயே பதியலாமே? தாலாட்டுக்குச் சில நேரம் சரிவரும். நெருப்பில் காய்ச்சின தப்பை அடிக்கும்போதுதான் சிக்கல்: போன் தானாகவே ஒலி அளவைக் குறைச்சுக் கூட்டும், காமன்கூத்தின் முதல் அடியும் கடைசி அடியும் ஒரே உயரத்தில் நசுங்கிக் கிடக்கும். இன்டர்பேஸில் 24 பிட்டில், மட்டத்தைத் தாராளமாகக் குறைச்சு வைத்துப் பதிஞ்சால் அந்த அடி அடியாகவே இருக்கும். 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரம் சுமார் 518 எம்பி பிடிக்கும், இன்றைய டிஸ்க்குக்கு அது ஒன்றுமில்லை. பதியும்போது வைஃபையை நிறுத்துங்க. பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு பஃபரை 128 அல்லது 256க்கு இறக்குங்க; 256 என்றால் 5 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் கூட, இரண்டு மீட்டருக்குள் நின்று கேட்கிற மாதிரித்தான். மென்பொருளுக்கு ரீப்பர் போதும், தனியாள் உரிமம் 60 டொலர். அதுவும் முடியாவிட்டால் ஓடாசிட்டி இலவசம்.

பதிஞ்ச அன்றைக்கே ஃபைலுக்குப் பெயர் வையுங்க: பாடியவர் விரும்பினால் அவர் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி, யாரிடம் கற்றார் என்பது. ஒரு பிரதியை லெப்டொப்பிலும், ஒன்றை வெளி டிஸ்க்கிலும், ஒன்றைப் பென்டிரைவில் போட்டு அந்த அம்மாவின் வீட்டிலும் வையுங்க.